சுகந்தியின் பெயரில் இருந்த பரிசுப் பத்திரங்கள்

போன கிழமை சாப்பாட்டு மேசையில் என் மூத்த மகள் கேட்டாள்: "அப்பா, ஒரு கிளையன்ற் கேக்கிறார், லண்டனிலை வாங்கின பரிசுப் பத்திரத்தை வைச்சிருக்கிறது நல்லதோ, இல்லாட்டி எடுத்து வேறை எதிலயாவது போடுறது நல்லதோ எண்டு. நான் என்ன சொல்ல?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்னப்பா, உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவளுக்கு மட்டும் எழுதத் தொடங்கினேன். பிறகு, அவளோடு சேர்ந்து பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்கள் எல்லாருக்குமாகவே எழுதுவோம் என்று நினைத்தேன்.

நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் படித்தவன்தான். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவினேன். அதற்குப் பிறகு சேமிப்பும் காப்புறுதியும் விற்கிற லைசன்ஸ் பரீட்சையை ஒரு தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை பாஸ் பண்ணினேன். சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடங்களுக்குப் பக்கத்தில் எங்களுடைய சின்ன அலுவலகம் இருந்தது. வாறவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். குளிருக்கு ஒதுங்கி வந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, "அண்ணை, இந்தக் காசை என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள்.

முதலில் மகள் கேட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் அரசாங்கம் விற்கிற அந்தப் பத்திரத்துக்கு வட்டி கிடையாது. எல்லாருடைய காசுக்கும் வரவேண்டிய வட்டியை ஒன்றாகச் சேர்த்து, மாதம் ஒரு முறை இலக்கங்களைக் குலுக்கி, விழுந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். விழாதவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போட்ட முதல் அப்படியே இருக்கும், கேட்டால் திருப்பித் தருவார்கள். லொத்தர்ச் சீட்டு வாங்கினால் அந்தக் காசு போனது போனதுதான். இது போகாது. அதனால் இதைச் சூதாட்டம் என்று திட்டவும் முடியாது, சேமிப்பு என்று மெச்சவும் முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வங்கியில் நிலையான வைப்புக்கு நல்ல வட்டி கொடுத்தார்கள். அதே காசை வைப்பில் போட்டவர் அது வளர்வதைக் கண்ணால் கண்டார். பரிசுப் பத்திரத்தில் நிறையப் போட்டவருக்கும் சின்னப் பரிசுகள் அவ்வப்போது விழுந்து ஒரு மெலிந்த வட்டி மாதிரி வரும். கொஞ்சமாகப் போட்டவர் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கிடையில் பாண் விலை ஏறும், வாடகை ஏறும். போட்ட முதலில் ஒரு சதமும் குறையாது, அந்த முதலால் வாங்கக்கூடியதுதான் குறையும். மியூச்சுவல் ஃபண்ட் ஏறும், இறங்கும். கனகாலம் தொடாமல் விடக்கூடியவருக்குத்தான் அது சரி. ஆட்கள் சேர்ந்து மாதாமாதம் கட்டுகிற சீட்டு என்றால், அவசரத்துக்குக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துக் கழித்து எடுக்கலாம். நடத்துகிறவர் ஓடினால் அவரோடு சேர்ந்து எல்லாம் ஓடும். ஆகவே பரிசுப் பத்திரம், காசைப் பத்திரமாக வைத்திருக்க மோசமில்லை, அதை வளர்க்க மோசம்.

கணக்கு அவ்வளவுதான். இதை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். நான் எழுத வந்தது தவராசாவையும் அவர் மனைவி சுகந்தியையும் பற்றி.

தவராசா சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் இருந்தார். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிற வேலை. விடிய எழும்பி, நாலைந்து பேராய் ஒரே காரில் போய் வருவார்கள். அவரும் சுகந்தியும் முன்னர் லண்டனில் இருந்தவர்கள். அவர் பெற்றோல் செற்றில், அவள் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில். அங்கே விசா சரிவராமல் போக, அவர் முன்னாலே இங்கே வந்து அகதியாகக் கேட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவளைப் பின்னால் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்தில் அவளுடைய தகப்பனுக்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்தது. ஒரே பிள்ளை. போனாள். தகப்பனின் செத்தவீடு முடிந்தது, சண்டையால் பாதை மூடி, திரும்பி வர வழி இல்லை.

முதல் தடவை அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு பொலித்தீன் பைக்குள் அந்தப் பத்திரங்களைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் லண்டனில் உழைத்து மிச்சம் பிடித்தது முழுக்க அதற்குள்தான். எல்லாம் சுகந்தியின் பெயரில்.

"ஏன் உங்கடை பேரிலை கொஞ்சமும் போடேல்லை?" என்று கேட்டேன்.

"என்ரை சாதகத்திலை சனியன் சம்மணம் கட்டிக்கொண்டு இருக்கிறான் அண்ணை. அவளுக்குத்தான் தனயோகம். குலுக்கல் எண்டால் ராசிக்காரரின்ரை பேரிலை போடோணும்."

எங்கள் அலுவலகத்தில் ரெலிபோன் எடுக்கிற பத்மா அன்ரி தலையை நிமிர்த்தாமலே, "அப்ப கலியாணம் கட்டேக்கை அவவின்ரை சாதகம் எங்கை போனது?" என்றார்.

தவராசா சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கிற ஆள்தான் அப்போது. "அன்ரி, சுகியும் அதைத்தான் கேட்டவள். அவளுக்கு உதுகளிலை நம்பிக்கையே இல்லை. நான்தான் சாத்திரியிட்டைக் காட்டி, அவளை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வைக்கப் பண்ணினனான். அடுத்தடுத்த மாசமே ஐம்பது பவுண் விழுந்துது. அதுக்குப் பிறகுதான் வாயை மூடினவள்."

நான் என் வேலையைச் செய்தேன். அதே காசு வைப்பில் இருந்திருந்தால் இதுவரை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன். அவர் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனால் உந்த வங்கி ஒருநாளாவது எனக்கு எதிர்பாராத ஒரு காசு அனுப்பினதோ? அந்த ஐம்பது பவுண் கடிதம் வந்த அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சமைக்கேல்லை, கடையிலை சாப்பிட்டனாங்கள். வட்டி வாற நாளிலை ஆராவது கடையிலை சாப்பிடுவினமோ?"

ஆட்கள் இந்தப் பத்திரத்தில் வாங்குவது வட்டியை அல்ல என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மணித்தியாலக் கூலிக்குப் பெட்டி ஏற்றுகிற ஒருவர் எந்த வட்டியில் போட்டாலும், மனைவியைக் கூப்பிட்டு, மாமியைக் கூப்பிட்டு, ஒரு வீடு வாங்கி முடிக்கிற காலம் அவருடைய ஆயுளுக்குள் அடங்காது. அது அவருக்கும் தெரியும். குலுக்கலில் மட்டும்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அதை மூடச் சொல்லித்தான் நாங்கள் ஆட்களுக்குப் புத்தி சொல்லுகிறோம்.

எப்படியும் சுகந்தி வரட்டும், இரண்டு பேருமாக இருந்து யோசிப்போம் என்று முடித்தோம்.

அவள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருவதற்கு நெடுங்காலம் எடுத்தது. ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நிற்கிறாள் என்று தவராசா ஓடிவந்து சொன்னார். அன்றைக்குப் பத்மா அன்ரிக்கும் எனக்கும் அவர் கோப்பி வாங்கித் தந்தார். ஸ்பொன்சர் செய்து முறையாகக் கூப்பிட அவருடைய சம்பளமும் பேப்பரும் போதாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆகவே, களவாக ஆட்களைக் கூட்டிவருகிற ஏஜென்சி. நம்பிக்கையான ஒரு ஆள் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வருகிறான், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகிறார்கள், முழுக் காசையும் முன்னாலே கொழும்பில் கட்ட வேண்டும். தவராசா சீட்டைக் கழித்து எடுத்தார். வெயார்ஹவுஸில் கூட வேலை செய்கிறவர்களிடம் கைமாற்று வாங்கினார். மிச்சத்துக்குத்தான் பத்திரங்கள். அவற்றை மீட்கிற விண்ணப்பப் பாரத்தில் சுகந்தி கையெழுத்து வைக்க வேண்டும். பாரத்தை நானே நிரப்பி, கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். கையெழுத்து வைத்த பாரம் கூரியரில் லண்டனில் இருக்கிற தவராசாவின் தமையனுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். காசு பின்னால் வந்தாலும் பரவாயில்லை, தான் அவ்வளவையும் முன்னாலே தருவதாகத் தமையன் சொல்லியிருந்தார். கையெழுத்துக் கைக்கு வராமல் ஒரு சதமும் தரமாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளை குட்டி.

பாரம் சுகந்தியின் கையில் கிடைத்துப் பல நாளாகியும் லண்டனுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

ஒரு காலை தவராசா வேலைக்குப் போகாமல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணை, உங்கடை போனிலை ஒருக்கா எடுத்துக் கதைப்பம். நான் சொல்லிக் கேக்கிறாள் இல்லை. நீங்கள் சொன்னால் கேப்பாள். படிச்ச ஆள் எண்டு நினைக்கிறாள்." ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அடித்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அங்கே பின்னேரம். லொட்ஜ் மனேஜர் பெயரைக் கூப்பிடுவதும், செருப்புச் சத்தம் படியில் இறங்கி வருவதும் கேட்டது.

"சாப்பிட்டியோ?" என்றார் தவராசா.

"இங்கை தாறதைச் சாப்பாடு எண்டு சொல்லேலாது. கறிக்குள்ளை மீனைத் தேடிப் பிடிக்கோணும். நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?"

"அதை விடு. கையெழுத்து வைச்சு அனுப்பினியோ?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

"வியாழமாற்றம் முடியட்டும், குரு வீடு மாறட்டும்."

பத்மா அன்ரி ரைப் பண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"உனக்கு விசரோ சுகி? வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறாங்கள்!"

"கத்தாதேங்கோ. என்ரை சாதகத்திலை தனயோகம் எண்டு ஆர் சொன்னது? நானோ சொன்னனான்? சிரிச்ச என்னை மினக்கெட்டுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது ஆர்?"

"அது அப்ப."

"அப்ப இருந்த சாதகம்தானே இப்பவும் இருக்கு? ஊரிலை இருக்கேக்கை நான் அதே குறிப்பை இன்னொருத்தரிட்டையும் காட்டினனான். வாற வியாழமாற்றத்தோடை எனக்குப் பெரிசா ஒரு காசு வரும் எண்டு அவரும் சொல்லுறார். கேளாமலே சொன்னவர்."

தவராசா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் குரல் இறங்கியது.

"இஞ்ச கேளுங்கோ. இப்ப இதை எடுத்து அந்த ஏஜென்சிக்காரனுக்குக் குடுத்தால் எங்களிட்டை ஒண்டுமில்லை. நான் வந்து உங்களோடை கடனுக்குள்ளை கிடப்பன். அம்மா அங்கை தனிய. அவவைக் கூப்பிட எங்களுக்கு இனி எத்தினை வருசம் வேணும்? கணக்குப் பாத்தனீங்களோ? நான் பாத்தனான். அம்மா அவ்வளவு காலம் இருக்கமாட்டா. ஒருக்காப் பெரிசு விழுந்தால், அவவையும் கூட்டிக்கொண்டே வந்திடுவன்."

பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். அவள் கணக்குத் தெரியாதவள் அல்ல. நான் துண்டில் எழுதிக் காட்டுகிற கணக்கை அவள் தலைக்குள்ளேயே போட்டு, அதன் முடிவு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசினாள். கணக்கில் தாய்க்கு இடம் இருக்கவில்லை. குலுக்கலில் இருந்தது.

தவராசா என்னைக் கையால் கூப்பிட்டார். நான் ரெலிபோனுக்குக் கிட்டப் போய் என்னை யாரென்று சொன்னேன்.

"தெரியும் அண்ணை. இவர் சொல்லியிருக்கிறார். நல்ல மனுசன் எண்டு."

"தங்கச்சி, இந்தப் பத்திரத்திலை சாதகம் ஒண்டும் செய்யாது. ஒரு மிசின்தான் இலக்கத்தை எடுக்குது. உங்கடை பேர் அதுக்குத் தெரியாது."

"சரி அண்ணை. அப்ப நேர ஒண்டு கேக்கிறன், நேர சொல்லுங்கோ. அடுத்த குலுக்கலிலை எனக்கு விழாதெண்டு சொல்லுவியளோ?"

"விழுறது சரியான கஷ்டம்."

"கஷ்டமோ எண்டு நான் கேக்கேல்லை. விழாதோ?"

அந்த நேரத்தில் ரெலிபோன் கார்ட்டின் இயந்திரப் பெண் குறுக்கே வந்து, நேரம் முடியப்போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் முதல் நாளே அடித்துச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். வரப்போவதைப் பற்றி உறுதி கொடுக்காதே. ஏறும் என்றும் சொல்லாதே, இறங்கும் என்றும் சொல்லாதே. அந்த ஒன்றை மீறாமல்தான் நான் தொழில் செய்தேன். ஒருவரையும் ஏமாற்றாதவன் என்று எனக்குப் பெயர் இருந்ததும் அதனால்தான். தவராசா என்னை ரெலிபோனுக்குக் கூப்பிட்டதும் அந்தப் பெயருக்காகத்தான்.

"விழாதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது," என்றேன். "ஆனால்..."

"கேட்டியளோ!" என்றாள் அவள் புருசனிடம். அவள் குரலில் இருந்த சந்தோசம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "அண்ணையே சொல்லிப்போட்டார்!"

கார்ட் முடிந்து லைன் அறுந்தது.

பத்மா அன்ரி தன் கைப்பைக்குள் இருந்து இன்னொரு கார்ட்டை எடுத்துத் தந்தார். திரும்ப எடுத்தபோது, அவ கோயிலுக்குப் போயிட்டா என்றார் மனேஜர்.

அடுத்த நாள் நான் தனியாக எடுத்துக் கதைத்தேன். இந்த முறை ஒளிக்காமல் பேசினேன். விழாது, நம்பி இருக்கவேண்டாம், கையெழுத்தை வையுங்கோ, வெள்ளிக்கிழமை வெளிக்கிடுங்கோ, அம்மாவின் அலுவலைப் பிறகு நாங்கள் எல்லாருமாகப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நேற்று நீங்கள் சொன்னதுதான் அண்ணை உண்மை. இண்டைக்கு இவர் சொல்லித் தந்ததைச் சொல்லுறியள்."

பயத்தில் இருக்கிற ஒரு ஆளுக்கு நாங்கள் முதலில் சொல்லுகிற பதில்தான் பதில். இரண்டாவதை அவர்கள் பேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவள் கேட்டது குலுக்கலைப் பற்றி அல்ல. வெளிக்கிடவா, நிற்கவா என்று கேட்டாள். நான் குலுக்கலைப் பற்றிப் பதில் சொன்னேன். சொன்னது சரி. யாரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லுவார்கள், நான் கேட்டும் பார்த்தேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. "விழாது" என்று அப்போதே ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவள் கையெழுத்து வைத்திருப்பாளா? வைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் நான் உங்களுக்கு என்ன புத்தி சொல்ல? பொய் சொல்லுங்கள் என்றா? அதையும் எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் குழு அவளை விட்டுவிட்டு வெளிக்கிட்டது. அதில் வந்த ஒரு பெடியன் சில மாதங்களில் ரொறன்ரோவுக்கு வந்து, தவராசாவின் கட்டடத்திலேயே குடியிருந்தான். ஒன்றும் அறியாதவன். லிஃப்ட்டில் கண்டால், "அண்ணை, அக்கா எப்ப வாறா? லொட்ஜிலை எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவ" என்பானாம். தவராசா படியால் ஏறி இறங்கத் தொடங்கினார்.

வியாழமாற்றம் வந்து போனது. குலுக்கலும் நடந்தது. ஒன்றும் விழவில்லை. சுகந்தி கோபிக்கவில்லை. பலன் உடனே தெரியாது, ஒரு மாதம் பிந்தித்தான் தெரியும் என்று சாத்திரி சொல்லியிருந்தாராம். அடுத்த மாதமும் ஒன்றும் இல்லை. இதுதான் அந்தப் பத்திரத்தின் குணம், பிள்ளைகள். லொத்தர் என்றால் குலுக்கி முடிந்ததும் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது கிழிபடாது. முதலும் கரையாது. தோற்றுப்போனோம் என்று ஒரு நாளும் வந்து சொல்லாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கடதாசியில் இருக்கும், எடுக்கிற நாள் மட்டும் வராது. ஏனென்றால் எந்த நாளும் அடுத்த குலுக்கலுக்கு முந்திய நாள்தான்.

பிறகு கொஞ்சக் காலம் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டாள். பார்த்துவிட்டு உடனே வந்துவிடுகிறேன், வந்து கையெழுத்து வைக்கிறேன், அடுத்த குழுவோடு வெளிக்கிடுகிறேன் என்று தவராசாவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்புவதற்குள், அந்த வருடக் கடைசியில் சண்டை மூண்டு, ஊர் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். வேறு ஒருவர், கண்டது அவளை அல்ல என்றார். அதற்குப் பிறகு சுகந்தியைப் பற்றி ஒன்றும் இல்லை.

தவராசா தேடினார். வெள்ளிக்கிழமைகளில் யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். கும்பிடுவதைவிட, வாசலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்று, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை விசாரிப்பதுதான் அதிகம். எங்கள் அலுவலகத்துக்கு வருவதை விட்டுவிட்டார். என்னைக் கோயிலில் கண்டால் "எப்பிடி அண்ணை?" என்பார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் என் பக்கத்தைச் சொல்லி ஆறியிருக்கலாம்.

தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் ஒருநாள் திரும்ப வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பத்மா அன்ரி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இந்த முறை ஒரு பகிடியும் விடவில்லை.

"என்ரை தமையன் லண்டனிலை இருந்து சொல்லுறார், அந்தப் பத்திரங்களை எடுக்க ஒரு வழி இருக்காம். என்ன வழி அண்ணை?"

இருந்த வழியைச் சொன்னேன். ஒரு வழக்கறிஞரிடம் போக வேண்டும். சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். காலம் எடுக்கும், ஆனால் எடுக்கலாம். எடுத்து நிலையான வைப்பில் போட்டால் வயது போன காலத்துக்கு உதவும் என்றும் சொன்னேன். தொழில் வாய் அப்படித்தான், தானாகச் சொல்லும்.

"சத்தியக்கடதாசியிலை நான் என்ன சொல்லோணும்?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை. நேர சொல்லுங்கோ."

"அவ உயிரோடை இல்லை எண்டு."

வெளியே தண்டவாளத்தில் ஸ்றீற்கார் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

"அது அப்பிடியே கிடக்கட்டும்," என்றார். "அவளின்ரை பேரை இப்ப ஒருத்தரும் எடுக்கிறேல்லை அண்ணை. முதலிலை கேட்ட சனமும் இப்பக் கேக்கிறதை விட்டிட்டுது. மாசத்திலை ஒருக்கா எங்கையோ ஒரு மிசினுக்குள்ளை மட்டும்தான் அவளின்ரை பேர் சுத்துது. அதையும் நான் நிப்பாட்டுறதோ?"

அந்த மிசினுக்குள் பெயர்கள் இல்லை, இலக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

எழும்பிக் கோட்டைப் போடும்போது, கட்டடத்தில் வாடகை கூட்டிவிட்டார்கள், அடுத்த மாதம் வீடு மாறுகிறேன் என்றார். சுகந்திக்கு ஏதும் விழுந்தால் கடிதம் பழைய இடத்துக்குப் போய்விடும், அதனால் விலாசம் மாறியதை லண்டனுக்கு அறிவித்து இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பத்மா அன்ரி ரைப் பண்ணினார். நான் பிழை பார்த்துக் கொடுத்தேன்.